ஜோடி பார்த்தல்

பகலில் எனக்கு வேலை
இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.
ராணிப்பேட்டை சிப்காட், மூன்றாம் வரிசை, குழல்விளக்கின் கீழே.
ஒரு நூல் விலகினாலும் சிவப்பு ஸ்டிக்கர்.
இரவில் அதே கண்ணோடு படம் பார்க்கிறேன்,
முதலில் பழையது, அது ஆறுவதற்குள் புதியது.
எது இடது, எது வலது என்பாள் ஷம்ஷாத்.

நேற்று ‘மண் தின்னும் கிரகம்’.
பழையது கறுப்பு வெள்ளை;
செவ்வாய்க்குச் சிவப்பை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.
காட்பாடிப் பக்கம் பாலாற்று மணலில் எடுத்தது.
மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று
ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பழிப்பைப்
படக் கம்பெனி முதலாகப் போட்டிருக்கிறது.
அப்படியும் பதினெட்டாம் நிமிடத்தில்
விண்கலத்துக்குப் பின்னால் ஓர் ஊற்றுக்குழி மின்னுகிறது.
யாரோ ஒருத்தி குடத்தை மொண்டு இடுப்பில் ஏற்றுகிறாள்.
செவ்வாயில் குடிநீர்.
குறை ஒன்று.

புதியதில் அதைச் சரிசெய்துவிட்டார்கள்.
ஆறும் தன் பங்குக்குச் சரிசெய்துகொண்டது.

பூதத்துக்கு வருகிறேன்.
பழையதில் அது எருமைத் தோல்,
பேரணாம்பட்டில் பதம் போட்டது.
மடிப்பைப் பார்த்தாலே தெரியும், கழுத்துப் பக்கம், மலிவு.
முதுகில் ஜிப்.
நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் வானமே இருட்ட
ஜிப் மட்டும் பளிச்சிடுகிறது.
குறை இரண்டு, மூன்று,
பிறகு எண்ணவில்லை.

உள்ளே இருந்தவர் பெயர் எழுத்தில் வரவில்லை.
எத்திராஜ் என்கிறாள் ஷம்ஷாத்;
அவள் மாமனார் அந்தத் தோல்ஷாப்பில் கணக்கு எழுதியவர்.
டிரம் சுற்றுகிற ஆள், ஆறடி இரண்டங்குலம்,
உயரத்துக்காகப் பிடித்துப் போனார்களாம்.
அக்னி நட்சத்திரம். நடுப்பகல்.
கடைசிக் காட்சியில் பூதம் சாக வேண்டும்.

இடது முட்டி முதலில் மணலைத் தொடுகிறது.
வலது கை முதுகுக்குப் போகிறது.
துழாவுகிறது.
ஜிப்பைத் தேடுகிறது.
கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது.

தண்ணீர் அடித்து எழுப்பினார்களாம்,
அந்த ஊற்றுக்குழியிலிருந்துதான்.

புதிய பூதத்துக்குப் பதினாறு கண்.
ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனியே சிலிர்க்கிறது.
தையலே கிடையாது.
என் மேஜைக்கு வந்திருந்தால்
திருப்பிக்கூடப் பார்க்காமல் பச்சை ஒட்டியிருப்பேன்.
ஒரு மணி ஐம்பது நிமிடம் எனக்குப் பயமே வரவில்லை.
ஷம்ஷாத் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து
கத்திரிக்காய் வைக்கலைடி பாவி என்று
கடைக்காரனைத் திட்டியதுதான்
இடைவேளைக்குப் பிந்தைய பெரிய சத்தம்.

கடைசிக் காட்சியை மட்டும் மாற்றவில்லை,
பழசுக்கு மரியாதை என்று
அசைவுக்கு அசைவு வரைந்திருக்கிறார்கள்.
இடது முட்டி. மணல்.
அப்புறம் அந்த வலது கை,
கணினியில் பிறந்து வெயிலே படாத கை,
மெல்ல முதுகுக்குப் போகிறது.
அங்கே ஜிப் இல்லை.
திறந்தாலும் வெளியே வர உள்ளே ஆளில்லை.
கை அதை அறியாது.
துழாவுகிறது,
நான்கு நொடி, ஐந்து, ஆறு.

ஷம்ஷாத் மெல்லுவதை நிறுத்தினாள்.
‘என்னத்தடி தேடுது அது?’

முந்நூறு பெயர் மேலே ஏறிப் போயிற்று.
அதிலும் எத்திராஜ் இல்லை.

பழையதற்கு ஐந்துக்கு இரண்டரை என்று
நோட்டில் எழுதினேன்.
புதியதற்குக் கட்டம் போட்டு
இரண்டு என்று எழுதி, அடித்து,
நான்கு என்று எழுதி, அதையும் அடித்து,
விளக்கை அணைக்காமல் படுத்துவிட்டேன்.

காலையில் கம்பெனிக் கோட்டை மாட்டும்போது
கை முதுகுக்குப் போனது.
பொத்தான் முன்னால்தான் இருக்கிறது,
பன்னிரண்டு வருடமாக.