தகரம்

மூணாறிலிருந்து வந்த ஜீப்
கோவிலூரில் இறக்கிவிட்டதும்
சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது.
கேரளம் வரவேற்றது.
நாலடி தள்ளி நின்றேன்,
தமிழ்நாடு வரவேற்றது.
அப்புறம் மூன்று நாள்
யாருமே கூப்பிடவில்லை.

துரைக்கண்ணு வீட்டு மேலறை.
தலைக்கு மேலே மூங்கில் கழியில்
கொத்துக் கொத்தாய்ப் பூண்டு.
நாளைக்கு எழுநூறு, சாப்பாடு சேர்த்து,
வாசனைக்குத் தனிக்காசில்லை என்றாள் செண்பகவல்லி.
சிரித்தாளா தெரியவில்லை,
வாய்வரைக்கும் சால்வை.

சோமனூரில் தறிக்குடோனை ஒட்டின வீடு எனக்கு.
சத்தமில்லாத ஊராகப் பார்த்துப்
போய்வரச் சொல்லியிருந்தார் காது டாக்டர்.
முதல் ராத்திரி
மலை அவ்வளவு அமைதியாக இருந்ததில்
காதுக்குள் ஒரு தறி
ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது
விடிகிற வரைக்கும்.

பகலில் சும்மா நடந்தேன்.
ஓடையில் கேரட்டைக் கொட்டி
மிதித்துக் கழுவினார்கள்.
கோவேறு கழுதையைத் தமிழில் வைதுவிட்டு
கிராம அலுவலரிடம்
மலையாளத்தில் குழைந்தான் ஒருவன்.
கழுதைக்குத்தான்
நல்ல சொற்கள் கிடைத்தன.

இரண்டாம் ராத்திரி கதவு தட்டினார் துரைக்கண்ணு.
"முழிச்சிட்டுத்தான இருக்கீங்க?
மச்சினன் சந்தைக்குப் போயிட்டான்,
ஒரு ஆள் கொறையுது."
கையில் எண்ணெய் டின் ஒன்று,
யூகலிப்டஸ் குச்சி ஒன்று.

வரப்பில் நின்றோம். குளிர் பல்லைத் தேடி வந்தது.
டார்ச் வெளிச்சத்தில்
முதலில் கால்கள் தெரிந்தன,
முழங்காலுக்குக் கீழே வெள்ளை,
பள்ளிக்கூடம் கிளம்பின மாதிரி.
அப்புறம்தான் அதன் மேலே இருந்த
அந்தப் பெரிய இருட்டு.
"தட்டுங்க!"
அமைதிக்கு என்று ஐந்து மணி நேரம் பஸ் ஏறி வந்தவன்
தட்டினேன்.
தகரம் நெளிய, தோள் கழல,
யார் யார் மேலோ இருந்ததெல்லாம் சேர்த்துத் தட்டினேன்.
காட்டுமாடு என்னைப் பார்த்தது,
பூண்டுப் பாத்தியைப் பார்த்தது,
அவசரமே இல்லாமல் திரும்பிப் போனது.
"போதும், போயிருச்சு" என்று
துரைக்கண்ணு கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பத்து மணிவரை தூங்கினேன்.
இரண்டு கேரட் பாத்தி போயிருந்தது.

கிளம்பும்போது இரண்டாயிரத்து நூறு கொடுத்தேன்.
முந்நூறு திரும்பி வந்தது.
"ராக்காவல் கூலி நானூறு,
காலைல லேட்டா எழுந்ததுக்கு நூறு பிடிச்சிருக்கேன்."
இந்த முறை சால்வை கழுத்தில் இருந்தது.
சிரித்தாள்தான்.

சின்னாறு சோதனைச் சாவடியில்
பையில் என்ன என்றார் காவலர்.
திறக்கும் முன்பே
"பூண்டா, போ" என்று கையசைத்தார்.

உடுமலை நெருங்கியது.
காது ஓடிக்கொண்டுதான் இருந்தது.
ஜன்னலுக்குக் கீழே பஸ்ஸின் தகரத்தில்
விரலால் இரண்டு தட்டு தட்டினேன்.
முன்சீட்டுக் குழந்தை
திரும்பிப் பார்த்தது.