ஐந்து குதி

பீடோரில் இந்த வாரம்
யாரும் என்னை நலம் விசாரிக்கவில்லை.
ஜீவேந்திரனின் இடது கணுக்காலை விசாரித்தார்கள்.

பெட்ரோல் நிலையப் பையன்,
நாசி லெமாக் மடிக்கிற கை நிற்காமலே காக் ரொஹானா,
பதினோரு சட்டையிலும் தன் கடைப் பெயர் போட்டுக்கொடுத்த
டயர் கடை சோங்,
செம்பனைக் குலை ஏற்றிய லோரியை
நடுச்சாலையில் நிறுத்திவிட்டு என் அண்ணன்:
"சனிக்கிழமை இறங்குறானா இல்லையா,
அதை மட்டும் சொல்லு."

நான் கல்லூரிச் சிகிச்சை அறையில் வேலை செய்பவள்.
பனிக்கட்டி, பட்டைத்துணி, மழுங்கிய ஒரு கத்தரிக்கோல்.
கால் வீங்கினால் வருவார்கள்.
கோல் போட்டால் வரமாட்டார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியை
நாங்கள் வென்று ஒன்பது வருடம்.
போன முறை நம் திடலிலேயே பட்டாசு கொளுத்திப் போனார்கள்.
அடுத்த மழை வரும்வரை
புல்லெல்லாம் சிவப்புக் காகிதம்.

வெள்ளிக்கிழமை மாலை வந்தான்.
நொண்டாமல் வந்தான்.
வராந்தா முழுக்க ஒத்திகை பார்த்திருப்பான்.
"குறைஞ்சிருச்சுக்கா."
எலும்புக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன்.
முகம் கல்.
கண் சுவர்க் காலண்டரில்.
கால்விரல்கள் மட்டும்
தொட்டாற்சிணுங்கியாய்ச் சுருண்டன.

"எழுந்திரு. இடது கால்ல மட்டும், அஞ்சு குதி."
ஒன்று.
இரண்டு.
மூன்றில் மேசையைப் பிடித்தான்,
பிடித்தது வேறு யாருடைய கையோ என்பதுபோல்.
நான்கை நான் எண்ணவில்லை.

"ஈப்போவிலேருந்து ஆள் பார்க்க வர்றாங்கக்கா.
அப்பா ஆலையில ஷிப்ட் மாத்திட்டாரு.
இறுக்கிக் கட்டிவிடுங்க, நாப்பது நிமிஷம் போதும்."

குணாளன் சார் படிவத்தோடு வாசலில் நின்றார்.
பத்துப் பெயர் எழுதியாகிவிட்டது.
பதினோராவது வரியில் பேனாமுனை ஊன்றி நின்றதில்
புள்ளி ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.
"ஓட வேணாம். சும்மா நின்னாலே
அவங்க ரெண்டு பேரை இவன்மேல விடணும்."

அது பொய்யில்லை. எனக்கும் பந்து தெரியும்.
மற்றவர்கள் உதைப்பார்கள்,
இவன் முகவரி எழுதி அனுப்புவான்.
முப்பது அடிக்கு அப்பால் ஓடுகிறவன் காலடியில்
அது போய் உட்காரும்.

"முடியாது" என்றேன்.

பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும்.
சார் 'தர்வின்' என்று எழுதினார்,
இரண்டு வருடமாகப் பந்துப்பை சுமந்த பையன்.
பெயருக்கு எந்த 'ன்' என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

இரண்டுக்கு ஒன்று. தோற்றோம்.
தர்வின் நன்றாகத்தான் ஆடினான்,
அதைச் சொல்ல ஆளில்லை.
எண்பத்தெட்டாவது நிமிடம் ஒரு பந்து
காலியான இடத்துக்கு உருண்டது.
அங்கே யார் நின்றிருப்பான் என்று
திடல் மொத்தத்துக்கும் தெரியும்.
தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவே
அவன் எழுந்து நின்றான்,
வலது காலில்.

அண்ணன் சோற்றைப் பார்த்தே சாப்பிட்டான்.
காக் ரொஹானா சம்பல் குறைத்து வைத்தார்,
அல்லது எனக்கு அப்படி.
படுத்தபின் கூரையிடம் கேட்டேன்:
ஒருவேளை தாங்கியிருக்குமோ?
ஆலைச் சங்கு ஊதியது.
அது ஷிப்டுக்கு.

திங்கட்கிழமை, மணி எட்டே கால்.
வணக்கம் சொல்லாமல் வந்தான்.
பெஞ்சில் காலைத் தூக்கி வைத்தான்,
காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.
அழுத்தினேன்.
விரல்கள் சுருண்டன.

"வலிக்குதா?"

வெளியே குலை ஏற்றிய லோரி ஒன்று
கியர் மாற்றிப் போய்க்கொண்டிருந்தது.
அது முழுக்கப் போகட்டும் என்று இருந்தவன்
சொன்னான்:

"வலிக்குது."