பார்வையாளர் கட்டணம்

மீன் காட்சியகத்துப் பலகையில் இரண்டு விலை.
இந்நாட்டில் குடியிருப்போர் நாற்பத்தைந்து.
வந்து போவோர் நூற்றுப் பத்து.
நடுவில் கிடக்கிற அறுபத்தைந்து திர்ஹம்
எனக்குப் பத்து நாள் பஸ் காசு.

ஷார்ஜாவில் பரீட்சை முடிந்த வியாழன். நாலு பேர் போயிருந்தோம்.
பிரின்சி ரொட்ரிகோ அட்டையை வைத்தாள்,
கருவி கூவியது, மணிக்கட்டில் பச்சை வளையம்.
தணிகைவேலனுக்கும் பச்சை.
ஃபுர்கானுக்கு அட்டையில் மீசை இல்லை,
இரண்டு தரம் முகத்தைப் பார்த்துவிட்டுப் பச்சை.
என் அட்டைக்குக் கருவி
ஒன்றுமே சொல்லவில்லை.

"காலாவதி" என்றாள் கண்ணாடிக்குள்ளிருந்து ரோவெனா.
பெயரை நெஞ்சில் குத்தியிருந்தாள்.
தெரியும். ஒன்பது நாளாகிறது.
வாப்பாவின் கம்பெனி ஷட்டரை இறக்கியதும்
அவர் விசாவில் கோத்திருந்த உம்மா, நான், தம்பி
நூல் அறுந்த தஸ்பீஹ் மணியாய்
ஆளுக்கொரு மூலை உருண்டோம்.
புதுக் கம்பெனி இன்ஷா அல்லாஹ் என்றிருக்கிறது.

வேறு ஏதாவது காட்ட முடியுமா என்றாள். நல்லவள்தான்.
போனைத் துழாவினேன்.
கரண்ட் பில் பட்டான் பேரில்.
வீட்டு ஒப்பந்தமும் அவர் பேரில்.
எங்கள் ஒற்றை அறைக்கு உள்ள சாசனம்
நாற்பது பக்க நோட்டு ஒன்று,
மாதாமாதம் அதில் அவர் கிறுக்கும் கையெழுத்து.
மாணவர் சலுகையும்
குடியிருப்போருக்கு மட்டுமாம்.

எதைச் சொல்வது?
பிறந்த ஆஸ்பத்திரி இங்கிருந்து மூன்றாவது சிக்னல் என்றா?
முழங்கால் தழும்பு ரோலா பூங்காவின் சறுக்குமரம் தந்தது என்றா?
இடித்துத் தள்ளிய ஒரு கட்டடத்தின் பேரைச் சொல்லித்தான்
இன்னும் டாக்ஸிக்கு வழி சொல்கிறேன்.
மழை வந்தால் எந்தச் சந்தில்
முதலில் தண்ணீர் நிற்கும் என்று தெரியும்.
இதற்கெல்லாம் சிப் கிடையாது.

போன வருஷம் தாலுகா ஆபீசில் ஒருவர் கேட்டார்:
"இருப்பிடச் சான்றா? தொடர்ந்து அஞ்சு வருஷம் இங்க இருந்தீங்களா?"
லீவுக்கு வருவோம் என்றேன்.
"அப்ப நீங்க வெளிநாடும்மா."
மனுவை நாலாக மடித்துத் தந்தார், மரியாதையாக.
சென்னைக் காலேஜின் என்.ஆர்.ஐ. கட்டணத்தை
வாப்பா விரல் வைத்து எண்ணினார்,
சைபர்களை மட்டும்.
அப்படித்தான் நான் இங்கேயே படிக்கிறேன்.

பின்னால் வரிசை இருமியது.
பிரின்சி தன் வளையத்தைக் கழற்றிப் பார்த்தாள்,
கழற்றினால் கிழிகிற ஜாதி அது.
ஃபுர்கான் அறுபத்தைந்தை நாலால் வகுத்தான்.
பதினாறே கால். "அந்தக் கால் மட்டும் நீ போடு மர்லியா,
மிச்சம் நாங்க."
வாங்கிக்கொண்டேன்.
ரோஷம் அன்றைக்குக் கட்டுப்படியாகவில்லை.

எனக்கு மஞ்சள் வளையம். கூடவே
ஊருக்கு நல்வரவு என்று ஒரு பை:
பாய்மரக் கப்பல் ஒட்டிய காந்தம், ஒரு வரைபடம்.
உள்ளே ஹமூர் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.
வெள்ளிக்கிழமை உம்மா புளி கரைத்து ஊற்றுகிற அதே மீன்.
பலகையில் எழுதியிருந்தார்கள்:
'இக்கடலிலேயே வசிப்பது.'

திரும்பும் பஸ்ஸில் வரைபடத்தை விரித்தேன்.
கோட்டை, சூக், ராட்டினம், எல்லாம் குட்டிக் குட்டிப் படம்.
எங்கள் தெரு வர வேண்டிய மூலையில்
விளக்கப் பெட்டி உட்கார்ந்திருந்தது:
நீலம் என்றால் தண்ணீர், பச்சை என்றால் பூங்கா.
தணிகைவேலனிடம் பேனா வாங்கி
பெட்டியின் மேலேயே கோடு இழுத்தேன்.
குபூஸ் கடை. பட்டான் கட்டடம். தண்ணீர் நிற்கும் சந்து.
பஸ் குலுங்கி, சந்து கொஞ்சம் கடலுக்குள் போய்விட்டது.

பக்கத்து சீட்டில் ஒரு பெண், கையில் மஞ்சள் வளையம்,
என் மணிக்கட்டைப் பார்த்துச் சிரித்தாள்.
"நீங்களும் புதுசா?"
மியூசியத்துக்கு எங்கே இறங்கணும் என்றாள்.
சொன்னேன்.
ஒரு நிறுத்தம் முன்னாடியே எழுந்து நின்னுக்குங்க,
இந்தப் பஸ்ஸில்
பின் கதவு சீக்கிரம் மூடிடும்.