இயந்திரம் மாற்றிய காரணம்

சீட்டுக் காசு கட்டாமல் ஒன்பது மாதம் ஒளித்துத் திரிந்தவன்
ஒரு விடியற்காலை கொண்டுவந்து
படலைக்கு வெளியே விட்டுவிட்டுப் போன கார்.
ஐம்பத்தாறாம் ஆண்டு டொட்ஜ் கிங்ஸ்வே.
மூக்கு ஒழுங்கைக்குள்,
வால் இன்னும் பெருந்தெருவில்.
நான் கேட்டது இரண்டு லட்சம்.
வந்தது ஒன்றரைத் தொன்.

ஏழு வருடம் கலியாண ஓட்டம்.
கோண்டாவில், உரும்பிராய், மானிப்பாய்,
மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை வீடு,
மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்.
முன்னால் நாதஸ்வரம், பின்னால் வீடியோக்காரன்,
நடுவில் சாரதியாக நான்.
"பொம்பிளை ஓடுற காரோ?" என்று கேட்டவர்கள்
முற்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

வைகாசியில் புளொக் வெடித்தது.
மூன்றாம் சிலிண்டருக்கும் நாலாவதுக்கும் நடுவில்
மயிரிழைபோல ஒரு கோடு.
அருளப்பு விரலால் தடவி
விரலை மோந்து பார்த்தார்.
"மண்ணெண்ணெயில ஓடின காலத்துக் காயம் இது.
இப்பத்தான் வாய் திறந்திருக்கு."

கராஜுக்கு வந்துபோன எல்லோருக்கும்
ஒரு எஞ்சின் தெரிந்திருந்தது.
ஸ்கார்பரோவிலிருந்து தம்பி:
"வி எட்டுத்தான் போடவேணும் அக்கா,
அமெரிக்கன் எண்டால் அதுதான்."
பஞ்சிகாவத்தையில் ஒன்று கிடக்கிறதாம்.
லீற்றருக்கு நாலு கிலோமீற்றர் ஓடுமாம்.
காசு அனுப்புவியோ என்றேன்,
இணைப்பு அறுந்தது.

கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிற பெடியன் கவின்ராஜ்
அடிபட்ட மின்கார் ஒன்றின் மோட்டருக்கு விலை பேசியிருந்தான்.
"மூச்சுச் சத்தமும் வராது அன்ரி."
அருளப்புவிடம் இருந்தது
ஹயேஸ் வானில் கழற்றிய நாலு சிலிண்டர் டீசல்.
சந்திக்குச் சந்தி சாமான் வாங்கலாம்.
கிழட்டு எருமை மாதிரி இருமும்.

"நல்லூர் வீதியில
ஆறுமுகத்தை இறக்கிப்போட்டு நான்முகனை ஏத்துறதோ?"
தேத்தண்ணியோடு வந்த சிவகடாட்சம் சிரித்தார்.
"அப்ப பெடியன்ர மோட்டர்?"
"அது அருவம். முகமே இல்லை."
குருநகர்க்காரர் அருளப்பு சிரிக்காமல்
அளவுநாடாவை நீட்டிக்கொண்டிருந்தார்.
பழையதன் இடத்தில் டீசலை வைத்தால்
ரேடியேற்றருக்குப் பின்னால்
ஒரு ஆடு படுக்கலாம்.

இரவு கணக்குக் கொப்பியை விரித்தேன்.
விலை, எண்ணெய்ச் செலவு,
ஸ்டியரிங்கில் இருக்கிற கியர்த்தடி இதோடு பொருந்துமா,
எழுதிக்கொண்டு போகையில் கை நின்றது.

அந்த ஆறு சிலிண்டர் மிக மெதுவாகப் பேசும்.
அதனால் எனக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.
இணுவில் பொம்பிளை, கூறைச்சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டு,
"நோர்வேயில குளிர் எண்டால் எவ்வளவு குளிர்?"
அதற்கு அவன் சொன்ன பதில்.
சுன்னாகத்து மாப்பிள்ளை
தாலி கட்டி ஒரு மணித்தியாலத்தில் ஒப்புக்கொண்ட கடன்.
சண்டிலிப்பாய்ப் பிள்ளை தன்னை மறந்து சொன்ன பெயர்,
அது பக்கத்தில் இருந்தவனுடையது அல்ல.
கண்ணாடியை நான் கூரைக்குத் திருப்பி வைப்பேன்.
காதை எங்கே திருப்புவது?

ஊர் முழுக்கப் பார்க்க ஊர்ந்து போகிற காரில்
அவர்கள் தனித்திருப்பது அந்த இருபது நிமிடம்தான்.
அதற்குள்ளும் நான் இருந்தேன்.

காலையில் போய் டீசல் என்றேன்.
"இருமுமே."
"இருமட்டும்."
"பெரிய சைலன்சர் போட்டுக் குறைக்கலாம்."
"வேண்டாம்."
அருளப்பு என்னைப் பார்த்தார்.
பிறகு ஆணிகளை ஒவ்வொன்றாக
மண்ணெண்ணெய்ப் பேணிக்குள் போடத் தொடங்கினார்.

கச்சேரியில் ஒரு படிவம்.
பழைய இலக்கம், புதிய இலக்கம்.
இயந்திரம் மாற்றிய காரணம்:
அதற்கு ஒரு வரிதான் விட்டிருந்தார்கள்.
"சத்தம் போதாது" என்று எழுதினேன்.
எழுதுவினைஞர் மூக்குக்கண்ணாடியை இறக்கி வாசித்துவிட்டு
தாளை என் பக்கம் தள்ளினார்.
"புளொக் வெடிச்சதெண்டு எழுதுங்கோ."
வெட்டிவிட்டு எழுதினேன்.
அதுவும் உண்மைதான்.