பூனை மீசை

இரவு ஷிஃப்ட் முடிந்து ஏழே காலுக்கு
ரெலாவ் ஃப்ளாட்டின் பதினான்காம் மாடிக்கு வந்து சேரும்போது
ஹவோர்த்தியா பூத்திருக்கும்.
பூ என்று சொன்னால் மல்லிகை கோபித்துக்கொள்ளும்.
கிழித்த டிஷ்யூத் துணுக்கு, நடுவில் ஒரு பச்சைக் கோடு.
அதற்குள் தூரிகை நுழையாது.
எதிர்வீட்டு ஹஸ்னாவின் பூனை பெலாச்சான்
என் கால்மிதியில் உதிர்த்துவிட்டுப் போன
மீசை முடி ஒன்று வைத்திருக்கிறேன்.
அதுதான் கருவி.

எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் சில்லு பார்த்த கண்.
கீறல், தூசி, விளிம்பில் உடைசல்.
தள்ளு, தள்ளு, இது பாஸ், தள்ளு.
அதே கண்ணால்
ஒரு பூவின் தூளை எடுத்து
இன்னொரு பூவின் தொண்டைக்குள் விடுகிறேன்
மூச்சை அடக்கிக்கொண்டு.
கீழே பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது.

காய் பிடித்தால்
கோப்பி ஓ பொட்டலத்தோடு வந்த ஸ்ட்ராவை
விரற்கடை நீளம் வெட்டித் தொப்பி போடுவேன்,
வெடித்து விதை ஓடிவிடாமல்.
சீட்டில் முதலில் தாய்,
பிறகு ஒரு பெருக்கல் குறி,
பிறகு தந்தை.
அதுதான் முறை, சுமந்தவள் பெயர் முன்னால்.
மனிதர் நிரப்பும் பாரங்களில்
இந்த மரியாதை கிடையாது.

நாற்பத்து மூன்று முளைத்தன.
நான்கு வெள்ளை. பால் வெள்ளை.
அந்த அழகுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும்:
பச்சையம் இல்லை, சமைக்கத் தெரியாது,
விதைக்குள் கட்டிக் கொடுத்த சோறு தீரும்வரைதான்.
பதினேழாம் நாள் முதலாவது போனது.
கடைசி ஒன்று இருபத்தாறு நாள் தாங்கியது.
அதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன்,
மடத்தனம்தான்.

மூன்று வருடம்.
நவம்பர் மழை சாய்ந்து அடித்து ஆறு அழுகின.
மாவுப்பூச்சிக்கு ஐந்து.
மற்றவை நன்றாகத்தான் வளர்ந்தன,
அச்சு அசல் அம்மாவாக, ஒரு குறையும் இல்லாமல்,
அதனாலேயே வேண்டாதவையாக.
வேலையில் குறை இருந்தால் தள்ளுகிறேன்,
வீட்டில் குறை இல்லாவிட்டால்.

பத்தொன்பது மட்டும் வேறு.
உடம்பை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு
இலை நுனியில் ஜன்னல் மட்டும் வைத்திருக்கும் இனம் இது.
பத்தொன்பதின் ஜன்னலில் கோடுகள் இல்லை.
கலங்கலாக ஒரு பழுப்பு ஒளி,
தே தாரேக் ஆற்றும்போது
இரண்டு குவளைக்கு நடுவே தொங்குமே,
அந்த ஒரு நொடியின் நிறம்.

கூ பெங் லியான் ஜெலுத்தோங்கிலிருந்து வந்தார்.
சட்டைப் பையில் சொந்தமாக ஒரு பூதக்கண்ணாடி.
வெகு நேரம் பேசவில்லை.
எண்ணூறு என்றார்.
நான் வாய் திறக்குமுன்
ஆயிரத்து இருநூறு என்று அவரே ஏற்றினார்.
பெயர் வை, பதிவு செய்யலாம்.
அம்மா இது, சரி. அப்பா யார்?

சீட்டைத் திருப்பினேன்.
பெருக்கல் குறி வரைக்கும் மை இருந்தது.
அதற்கப்புறம் மழை.
அன்று காலை மூன்று செடி பூத்திருந்தன,
எதைத் தொட்டு எதில் விட்டேனோ, தூக்கக் கலக்கம்.
முந்தைய நாள் தூள் மீசையில் ஒட்டியிருந்திருக்கலாம்.
எறும்பாகக்கூட இருக்கலாம்.

ஏதாவது எழுது, யார் கேட்கப் போகிறார்கள்
என்றார் கூ.

கேட்பார்கள்.
என் பிறப்புப் பத்திரத்தில் அந்த வரியில்
தகவல் பெறப்படவில்லை என்று மலாயில் இருக்கிறது.
பள்ளிக்கு, அடையாள அட்டைக்கு, வங்கிக் கணக்குக்கு,
ஒவ்வொரு கவுண்டரிலும்
கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்
அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு
நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்,
விடை அங்கே எழுதியிருக்கிற மாதிரி.

விற்கவில்லை.
குட்டி விட்டால் ஒன்று தருகிறேன் என்றேன்,
இரண்டு வருடம் ஆகலாம்.
லிஃப்ட் வரும்வரை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்,
என்னை அல்ல.

புதுச் சீட்டு வெட்டினேன்.
தாயின் பெயர். பெருக்கல் குறி.
பேனா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.
பெலாச்சான் வந்து காலில் உரசியது.
ஒரு பக்கம்
மீசை குறைவாகத்தான் இருக்கிறது.