நான்காம் விதி

தலைவன் கடைசியாக நடக்க வேண்டும்.
கையேட்டின் நான்காம் விதி.
அறுபதாம் ஆண்டு விழாவில் அதைப் பற்றியே
அரைமணி நேரம் பேசினார்
கோலாலம்பூரிலிருந்து வந்த பேராசிரியர்.
பணிவு என்றார். தியாகம் என்றார்.
நான் நாசி லெமாக்கில்
நெத்திலி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

தணிகாசலத்துக்கு மாலைக்கண்.

பகலெல்லாம் பட்டர்வொர்த் கிடங்கில் மூட்டை எண்ணுவார்,
ஒன்று தப்பாது.
ஏழு மணி ஃபெரியில் பினாங்கு திரும்பினால்
இறங்கு பலகையைக் காலால் தேடுவார்.
கவனித்தவன் நான் ஒருவன்தான்.
"வெளியே சொல்லாதே" என்று
ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார்.
அவ்வளவு மலிவாக விலைபோனேன்.

அந்த வருஷமே சங்கம்.
துறைமுகத்தார் பிள்ளைகள் பதினொரு பேர்,
பட்டாளம் விட்டுப்போன கித்தான்,
மைலோ டின்னில் சோறு.
விடிவெள்ளி இளைஞர் நடைச் சங்கம் என்று
பெயர் வைத்தவரும் அவரே.
விடிவெள்ளியை அவர் பார்த்ததுண்டா,
எனக்குச் சந்தேகம்தான்.

இருட்டுமுன் கொடிமலை இறங்கிவிடலாம் என்ற கணக்கு
முதல் நடையிலேயே பொய்த்தது.
மழை. சேறு. பதினொரு பேருக்கு ஒரு விளக்கு.
"நான் பின்னால் வருகிறேன்,
யாரும் விடுபடக் கூடாது"
எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.
பிறகு என் சட்டை முதுகில்
தன் வெள்ளைக் கைக்குட்டையைக் குத்தினார்.
ஊக்கு தோலில் ஏறியது.
முப்பத்தோரு வருஷம்
அந்த வெள்ளையைப் பிடித்தே மலை இறங்கினார்.

மீனெண்ணெய் குடித்துப் பார்த்தார்.
ஒன்றும் மாறவில்லை.

கெராச்சுட் கடற்கரையில் ஓரிரவு
மரியதாசு என்ற பையன் காணாமல் போனான்.
எல்லாரும் காட்டுக்குள் ஓடினோம்.
அவர் மணலில் உட்கார்ந்து விசில் ஊதினார்.
விடியும்வரை ஊதினார். உதடு கிழிந்தது.
சத்தத்தைப் பிடித்துக்கொண்டு
பையன் தானே வந்து சேர்ந்தான், காலெல்லாம் அட்டை.
"நீங்கள் ஏன் தேடப் போகவில்லை?"
தாய்க்காரி கேட்டாள்.
அவர் தலை நிமிரவில்லை.
விசில் ஏழாம் விதியாயிற்று.
அவள் கேட்டது எந்த விதியிலும் இல்லை.

இப்போது சீருடை முதுகில் வெள்ளைச் சதுரம்
அச்சாகவே வருகிறது.
தூய்மையின் சின்னமாம்,
ஒரு சிறுமி எனக்கு விளக்கினாள்.
அவளைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.
சரியான உயரத்தில்தான் இருந்தது.

மேடையில் எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள்.
முன்னாள் பொருளாளர், வேறென்ன பேசுவேன்,
முதல் வருஷ வரவு செலவை வாசித்தேன்.
கித்தான் நாலு வெள்ளி. விசில் முப்பது காசு.
கைக்குட்டை, இனாம்.
ரொட்டி சானாயை
அன்றும் எழுதவில்லை.