கால் சொன்ன பொய்

"ஏழாம் வளைவில் ஆக்சிலேட்டரை விடவே இல்லை"
என்றாள் ஹெட்விகா,
ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே.

போகுமில் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.
நேராக ஓடிய பச்சைக் கோட்டில்
ஒரு சின்னப் பள்ளம்.
அரை நொடிகூட இல்லை.

யார் தூக்கியது அந்தக் காலை?
அவள் ஷூவுக்குள் இன்னொருத்தி இருக்கிறாள்.
பிர்னோ மலைச்சரிவில் பைன் மரங்கள் நெருங்கினால்
மூச்சைப் பிடித்துக்கொள்கிறவள்.
வீட்டுக்கடன் பாக்கி தெரிந்தவள்.
இங்கே மாஸ்டா நொறுங்கினால்
ஒரு பைசா ஈடு வராது என்பதும்.

மதியம் ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி.
டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார்கள்.
வளைவு முடியுமிடத்தைப் பார்க்கவேண்டும் என்பது
ஒன்பது வருடமாய்த் தெரியும்,
தலைக்கு.

கடைசிச் சுற்று.
ஆறாம் வளைவில் பிரேக்கை உதறாமல்,
தூங்கும் குழந்தையின் கழுத்தடியிலிருந்து
கையை உருவுவதுபோல் விட்டாள்.
வண்டியின் மூக்கு தானாய்த் திரும்பியது.
ஏழில் பின்சக்கரம் ஏதோ முணுமுணுத்தது.
அவள் பதில் சொல்லவில்லை.

பச்சைக் கோட்டில் பள்ளம் இருந்தது,
இன்னும்.
ஆழம்தான் குறைவு.
நொடியில் பத்தில் மூன்று பங்கு லாபம்.

திரும்பும் நெடுஞ்சாலையில்
எண்பதைத் தாண்டவில்லை.
லாரிகள் ஹாரன் அடித்துக் கடந்தன.
பக்கத்து இருக்கையில்
அவளது வலது ஷூ,
பெல்ட் மாட்டி.